இருவாட்சி தேடிப் போன ஆனந்தம்

சேந்தன் என்ற இருவாட்சி ஒரு மழைக்காட்டில், உயரமான ஆயினி மரத்தில் குடித்தனம் நடத்தி வந்தான். மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்து வைத்த தொன்னை மாதிரி ஒரு கொண்டை. அவன் பறந்தால் சிறகுச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பார்க்கத்தான் பெரிய உருவம். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற மனசு.

இருவாட்சிகளின் குடித்தனம் மற்றப் பறவைகளுடையது மாதிரி இல்லை. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தன் எச்சத்தையும் மண்ணையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுனி நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே போன கொஞ்ச காலத்தில் அதன் சிறகு இறகுகள் உதிர்ந்துவிடும். அப்புறம் அதன் உயிரும் குஞ்சின் உயிரும் வெளியே இருக்கிற ஒருவன் கையில்தான். அவன் தொண்டைக்குள் பழங்களை அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி, அந்தக் கீறல் வழியே ஊட்ட வேண்டும்.

அந்தக் காட்டு இருவாட்சிகளுக்குக் கோயில் கிடையாது, குளம் கிடையாது. ஊட்டுவதுதான் பூசை. முதல் பழத்தை நீட்டும்போது, "கொடுத்தவனே, இது உனக்கு" என்று சொல்வார்கள். பழம் போவது என்னவோ பெண்டாட்டி வாய்க்குத்தான். ஆனாலும் அது சாமிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைப்பது அவர்கள் வழக்கம். சாமியும் அதற்கு ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை.

சேந்தனின் மனைவி பொன்னாச்சி உள்ளே போய் உட்கார்ந்த புதிதில், அவன் தரையில் நிற்கவே இல்லை. அத்திமரம், ஆலமரம், இச்சிமரம் என்று காடு பூராவும் அலைந்தான். முதல் பழத்தைக் கீறலில் நீட்டுவான். உள்ளேயிருந்து ஓர் அலகு மெல்ல அதை வாங்கிக்கொள்ளும். அந்த நேரம் அவன் நெஞ்சுக்குள் ஏதோ பொங்கி நிறையும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"பொன்னாச்சி, சாமி என் நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துட்டாப்ல இருக்கு" என்பான்.

"இருக்கட்டும். அடுத்த பழத்தைக் குடுங்க" என்பாள் அவள்.

பிறகு குஞ்சு பொரிந்தது. ஒரே ஒரு குஞ்சு. இறகு இல்லாத சிவந்த உடம்பு, உடம்பை விடப் பெரிய வாய். இப்போது வேலை இரட்டிப்பானது. மழையும் பிடித்துக்கொண்டது. பக்கத்து மரங்களில் பழம் தீர்ந்துபோய், மலை தாண்டிப் போக வேண்டி வந்தது. நனைந்த சிறகு கனத்தது. தோள் வலித்தது. எவ்வளவு கொண்டுவந்தாலும் உள்ளேயிருந்து அந்தக் கீச்சுக் குரல் நிற்கவில்லை.

ஒரு நாள் முதல் பழத்தை நீட்டினான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் பழத்தை நீட்டிக்கொண்டே, எப்போது போய்த் தூங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அந்த யோசனை வந்ததும் பயந்துபோனான்.

"பொன்னாச்சி, எனக்கு முன்ன மாதிரி இல்ல."

"என்ன இல்ல?"

"பழம் நீட்டும்போது நெஞ்சு நெறைஞ்சு வருமே, அது இல்ல. சாமி என்னை விட்டுப் போயிடுச்சோ என்னவோ."

"பழம் வருதில்ல. அது போதும்."

"சாமிக்குக் குடுக்கிறது. வெறும் நெஞ்சோட குடுக்கலாமா?"

"உங்க நெஞ்சு வெறுமையா இருந்தாலும் நெறைஞ்சிருந்தாலும் இது வாயைத் தொறந்துக்கிட்டேதான் இருக்கு. இருட்டுறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் அத்திப்பழம் கெடைக்குதா பாருங்க."

அந்தக் காட்டிலேயே பெரிய உபதேசம் அதுதான். ஆனால் அது நாற்றமடிக்கிற பொந்துக்குள்ளிருந்து, தூக்கம் கெட்ட ஒருத்தியின் சலிப்பான குரலில் வந்தது. அப்படி வந்தால் யார் அதை உபதேசம் என்று எடுத்துக்கொள்வார்கள்? சேந்தனுக்கு முகம் சுண்டிப்போனது. அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டு பறந்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அத்திமரத்தில் காத்தமுத்து என்ற கருமந்தி உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் பெரிய கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன். இளவட்டக் குரங்கு ஒன்று அவனை அடித்துத் துரத்திவிட்டுக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து தனிக்கட்டை. யாரிடமும் வம்புக்குப் போவதில்லை.

"என்ன சேந்தா, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

சேந்தன் எல்லாவற்றையும் சொன்னான். காத்தமுத்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு தம்பி. ஒரே வெறுமை. மோனச்சாமிகிட்ட போனேன், தீர்ந்துச்சு."

"மோனச்சாமியா? அது யாரு அண்ணே?"

"வட்டப்பாறைக்கு மேல மூங்கில் புதர்ல இருக்கார். பகல் பூரா அசைய மாட்டார், பேச மாட்டார், தின்ன மாட்டார். மூஞ்சியில மட்டும் ஒரு சிரிப்பு இருக்கும் பாரு, அதுதான் ஆனந்தம். அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா நமக்கும் ஒட்டிக்கும்."

சேந்தன் போய்ப் பார்த்தான். மூங்கில் கவட்டில் ஒரு தேவாங்கு உருண்டையாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. காத்தமுத்து சொன்னது பொய்யில்லை. அந்தச் சின்ன முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. உலகத்தில் எதுவும் குறையில்லை என்கிற மாதிரியான சிரிப்பு. கீழே பாறையில் இரண்டு மயில்கள், ஒரு மலை அணில், ஒரு கிழட்டு மிளா மான் எல்லாம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தன. சேந்தனும் கண்ணை மூடினான்.

அவன் இப்படி ஓய்வாக உட்கார்ந்து நெடுநாள் ஆகியிருந்தது. பாறை வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. தோள் வலி மெல்ல இறங்கியது. உள்ளே ஏதோ லேசாக நிறைவது போல இருந்தது. களைத்தவன் கொஞ்சம் உட்கார்ந்தால் யாருக்கும் வருகிற சுகம்தான் அது. பாவம், அவன் அதைச் சாமி என்று நினைத்துவிட்டான்.

அன்று அவன் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது.

"ஏங்க இவ்வளவு நேரம்? கெழக்கால பருந்து சுத்துச்சு. எனக்கு உசிரே இல்ல."

"மோனச்சாமியைப் பாக்கப் போனேன்."

"பழம்?"

தொண்டையில் பழம் குறைவாகத்தான் இருந்தது. அதை நீட்டினான். நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. பாறையில் வந்தது இங்கே வரவில்லையே என்று மனசு கசந்தது. பொன்னாச்சி வாங்கிய பழங்கள் அத்தனையையும் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டாள். அதை அவன் கவனிக்கவில்லை.

அப்புறம் தினமும் பாறைக்குப் போனான். முதலில் பழம் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு போய்விட்டு வந்து கொடுத்தான். ஒரு நாள் காத்தமுத்துவிடம் கேட்டான்.

"அண்ணே, இங்க இருக்கிறப்ப நெஞ்சு நிறையுது. வீட்டுக்குப் போய்ப் பழம் நீட்டினா காஞ்சுபோயிடுது. எதனால?"

காத்தமுத்து வெகுநேரம் யோசித்தான். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. அவனுக்காகக் காத்திருக்க எங்கேயும் ஒரு வாய் இல்லை, அவ்வளவுதான். வீடில்லாதவன் வீட்டுக்காரனுக்கு வழி சொன்னான்.

"ஆனந்தம் இல்லாம நீட்டுற பழத்தைச் சாமி எப்படித் தொடும் தம்பி? அது பூசையா, சுமைதூக்குற வேலையா? நீ தெனமும் சாமிக்கு எச்சிப் பழம் வச்சுக்கிட்டு இருக்கே. கொஞ்ச நாள் நிறுத்து. இங்கேயே இரு. நெஞ்சு ததும்பட்டும். அப்புறம் எடுத்துட்டுப் போ."

மற்ற எந்தப் பிராணியிடம் இதைச் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருக்கும். புலிக்குக் குட்டிக்கு ஊட்டுவது குட்டிக்கு ஊட்டுவதுதான். சேந்தன் இருவாட்சி. அவன் குலத்துக்கு ஊட்டுவதே பூசை. பூசையில் குறை வைக்கலாமா? குறையோடு செய்வதை விடச் செய்யாமல் இருப்பது மேல் என்று அவன் பக்தி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அன்று மாலை கீறலுக்கு வெளியே உட்கார்ந்து சொன்னான்.

"நான் கொஞ்ச நாள் பாறையிலயே இருக்கப் போறேன். வெறும் நெஞ்சோட இனிமே நீட்ட மாட்டேன். நெஞ்சை நெறைச்சுக்கிட்டு வரேன்."

கீறலில் அவள் அலகு நீண்டது.

"நெஞ்சு கெடக்கட்டுங்க. தொண்டையை நெறைச்சுக்கிட்டு வாங்க. நேத்துல இருந்து இது குரலே சரியில்ல."

"உனக்கு இதெல்லாம் புரியாது பொன்னாச்சி."

"புரியலைதான். நீங்க சந்தோசமா வரணும்னு நான் எப்பக் கேட்டேன்? வந்தாப் போதும்னுதானே கேக்குறேன்."

அவன் பறந்துவிட்டான். சிறகுச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அந்தக் கீறலில் ஓர் அலகு நீட்டிக்கொண்டே இருந்தது.

பாறையில் உட்கார்ந்தவனுக்கு நிம்மதி வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னாச்சி கூப்பிடுகிற சத்தம் வந்தது. இருவாட்சியின் குரல் சாதாரணக் குரலா? மலை தாண்டிக் கேட்கும். கூப்பிட்டாள், நிறுத்தினாள், மறுபடி கூப்பிட்டாள். சேந்தனின் சிறகு தானாகவே விரிந்தது.

"எங்கே கெளம்பிட்டே?" என்றான் காத்தமுத்து.

"கூப்பிடுறா அண்ணே."

"கூப்பிடத்தான் செய்யும். சோதனை அது. இப்பப் போனா வெறுங்கையோடதான் போவே."

சேந்தன் சிறகை மடக்கிக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடினான். நாள் ஏற ஏறக் குரல் கரகரத்தது. இடைவெளி கூடியது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவன் உடம்பு குலுங்கியது. உண்மையில் அவன் நெஞ்சுக்குள் கிடந்த அன்பு அது. இன்னும் சாகவில்லை. எழுந்து போ, எழுந்து போ என்று அதுதான் அவனை உலுக்கியது. அவனோ அதைத் தன் தவத்துக்கு வந்த இடைஞ்சல் என்று நினைத்து அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினான்.

ஒரு நாள் நடுப்பகலில் அந்தக் குரல் நின்றுவிட்டது.

சேந்தன் காத்திருந்தான். மறுபடி கேட்கவில்லை. காற்று மூங்கிலைத் தடவிப் போனது. எங்கேயோ தண்ணீர் ஓடியது. வேறு சத்தமே இல்லை. அவன் உடம்பு குலுங்குவது நின்றது. மனசு அலையில்லாத குட்டை போல ஆனது. அந்த அமைதி மெல்ல மெல்ல அவனை நிறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"அண்ணே, வந்துடுச்சு. நெஞ்சு நிறைஞ்சுடுச்சு" என்றான்.

"நான்தான் சொன்னேனே" என்றான் காத்தமுத்து. அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

பொழுது இறங்கியது. சிறுத்தைக்குப் பயந்து எல்லோரும் இருட்டுவதற்கு முன்பே போய்விடுவது வழக்கம். காத்தமுத்துவும் போனான். சேந்தன் மட்டும் போகவில்லை. சாமிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் எப்படிப் போவது? அவன் மூங்கில் புதருக்கு அருகே ஒரு கிளையில் போய் உட்கார்ந்தான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் மோனச்சாமி அசைந்தது. கண்ணைத் திறந்தது. இரண்டு பெரிய உருண்டைக் கண்கள். ஒரு கொட்டாவி விட்டது.

"யாருப்பா அது? இன்னும் கூட்டுக்குப் போகலையா?"

சேந்தன் தலை தாழ்த்தினான். "சாமி, உங்க புண்ணியத்துல எனக்கு ஆனந்தம் கெடைச்சுடுச்சு."

"சாமியா? நான் பொம்பளைப்பா."

சேந்தனுக்கு ஒன்றும் ஓடவில்லை. "பகல் பூரா மோனத்துல இருக்கீங்களே."

"மோனமாவது ஒண்ணாவது. தூங்குறேன். நாங்க ராத்திரியிலதானே இரை தேடுவோம். ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன், எப்பக் கண்ணு முழிச்சாலும் கீழ நாலு பேரு உக்காந்திருக்கீங்களே. வெயிலுக்கு ஒதுங்குறீங்களா?"

"அப்போ அந்தச் சிரிப்பு?"

"எந்தச் சிரிப்பு?" என்றது தேவாங்கு. அதற்குள் அதன் வயிற்று மயிருக்குள்ளிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. விரல் அளவு உடம்பு, முகம் நிறையக் கண். தேவாங்கு அதை நக்கிக் கொடுத்தது. "இது பால் குடிச்சுட்டு வயித்தைக் கட்டிக்கிட்டுத் தூங்கும். சூடா இருக்கும். ஒருவேளை அதுல சிரிச்சிருப்பேனோ என்னவோ. நான் என் மூஞ்சியைப் பாத்ததில்லைப்பா."

சேந்தன் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஆனா கொஞ்ச நாளா எனக்கும் தூக்கம் சரியில்ல" என்று அது பேசிக்கொண்டே போனது. "மலைக்கு அந்தண்டை ஒருத்தி கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. உங்க சாதிதான்னு நெனைக்கிறேன். குரல்லயே தெரியுது, பிள்ளை பசியில கெடக்குது. இன்னைக்கு மத்தியானத்தோட சத்தம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் கண்ணை மூடியும் எனக்குத் தூக்கமே வரல. பாவம், அவ புருஷனை யாராவது சுட்டுப் போட்டிருப்பாங்க. உசிரோட இருந்தா வராம இருப்பானா?"

சேந்தன் எழும்பிய வேகத்தில் மூங்கில் புதர் ஆடியது.

மலை தாண்டும்போதே கூப்பிட்டான். பதில் இல்லை. ஆயினி மரம் தெரிந்தது. பொந்து வாசலில் பூச்சு இல்லை. உள்ளிருந்து உடைத்துத் தள்ளியிருந்தது. மண்கட்டிகள் அடிமரத்தில் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே, வேர்களுக்கு இடையில், பொன்னாச்சி உட்கார்ந்திருந்தாள்.

அவன் வராததால் அவளே பழம் தேடக் கிளம்பியிருக்கிறாள். சிறகில் இறகு பாதிகூட முளைக்கவில்லை. வாசலை உடைத்துக்கொண்டு வந்து, அங்கிருந்து விழுந்திருக்கிறாள். நடந்தே போய், அழுகி உதிர்ந்த ஓர் அத்திப்பழத்தைக் கண்டுபிடித்து எடுத்து வந்திருக்கிறாள். ஆனால் மேலே ஏற முடியவில்லை. பழத்தை அலகில் கவ்வியபடி மத்தியானத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். கவ்விய வாயோடு கூப்பிட முடியாது. கீழே போட்டால் எறும்பு மொய்த்துவிடும்.

அவனைப் பார்த்ததும் பழத்தை அவன் அலகில் வைத்தாள். அவள் திட்டவில்லை. எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"வந்துட்டீங்களா. சீக்கிரம் மேல போங்க. ரொம்ப நேரமா சத்தம் இல்ல. தூங்குதுன்னு நெனைக்கிறேன். எழுப்பி ஊட்டிடுங்க."

சேந்தன் மேலே போனான். இப்போது கீறல் இல்லை, வாசல் முழுதாகத் திறந்திருந்தது. குஞ்சு வாசலை நோக்கித் தலையை வைத்துப் படுத்திருந்தது. வாய் திறந்திருந்தது. அவன் அத்திப்பழத்தை அந்த வாயில் வைத்தான். பழம் வைத்த இடத்திலேயே இருந்தது. அலகால் மெல்லத் தள்ளினான். அலகில் பட்ட உடம்பு சில்லிட்டிருந்தது.

அப்போது அவன் நெஞ்சு நிறைந்தது. இத்தனை நாளும் அழுத்தி வைத்திருந்த அன்பு முழுக்க ஒரே மூச்சில் பொங்கி வந்தது. இந்தக் குஞ்சுக்காக ஏழு மலை பறப்பான், தொண்டை கிழியக் கிழியப் பழம் கொண்டுவருவான், சலிக்கவே மாட்டான். அதை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே யாரும் இல்லை. அதில் ஆனந்தம் என்று சொல்ல ஒரு துளியும் இல்லை.

கீழேயிருந்து பொன்னாச்சி கேட்டாள்.

"வாங்கிச்சா?"

இருட்டிக்கொண்டு வந்தது. அவள் மறுபடியும் கேட்டாள்.

"ஏங்க, வாங்கிச்சா?"

அன்போடு வேலை செய்கிறவனைத் தேடி ஆனந்தம் சில நாள் வரும், சில நாள் வராது. அது வரவில்லையே என்று அன்பு செய்வதை நிறுத்திவிட்டு அதைத் தேடிப் போனவனுக்கு இரண்டுமே இல்லாமல் போகும்.